தினமும் ஏதாவது போட்டே ஆகவேண்டுமா? கோலாலம்பூரில் புதிதாகக் காணொளி தொடங்குபவர்களுக்கு

கோலாலம்பூர்த் தமிழ் வட்டத்தில் இப்போது யாரைப் பார்த்தாலும் கையில் குச்சியில் மாட்டிய கைப்பேசி. செந்தூலில் மணப்பெண் ஒப்பனை செய்யும் அக்கா, பூச்சோங்கில் முறுக்கு சுட்டு விற்கும் குடும்பம், பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் நடத்தும் ஆசிரியர், எல்லாரிடமும் ஒரு டிக்டாக் கணக்கு இருக்கிறது. கணக்கு இல்லாதவருக்கும் நிம்மதி இல்லை. கல்யாண வீட்டில், மாமாக் கடையில், "நீங்க இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

தொடங்கிவிட்டு மூச்சு வாங்குபவர்களுக்கும், தொடங்கவில்லையே என்று உறுத்தலோடு இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் அதிகமாகப் போடுவது எப்படி என்பதில் ஆரம்பிக்கும். நான் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் பார்ப்பதைக் குறையுங்கள். அப்புறம் உங்களுக்குக் காணொளி தேவையா என்று முடிவெடுங்கள். தேவை என்றால் மட்டும் வேகத்தைப் பற்றி யோசியுங்கள். பார்ப்பதைக் குறைக்காமல் எடுக்கும் முடிவு, அன்று காலை படுக்கையில் கிடந்தபடி நீங்கள் தள்ளிவிட்ட காணொளிகள் எடுத்துக் கொடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

முதல் படி: கைப்பேசியிடமே கணக்குக் கேளுங்கள்

ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் 2018 முதல் திரைநேரக் கணக்கு இருக்கிறது. அமைப்புகளுக்குள் போனால் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது, ஒரு நாளில் எத்தனை முறை கைப்பேசியைத் திறந்தீர்கள், எத்தனை அறிவிப்புகள் வந்தன என்று எல்லாம் தெரியும். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் சும்மா பாருங்கள். வழிகாட்டும் வேஸ், வண்டி அழைக்கும் கிராப் போன்றவற்றில் போகும் நேரத்தைக் கழித்துவிடுங்கள். அது வேலைக்கான நேரம்.

மொத்த மணி நேரத்தைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். அதைவிட முக்கியம், எந்த நேரத்தில் போகிறது என்பது. காஜாங்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது பார்ப்பது ஒரு ரகம். அதில் பெரிய குற்றம் எதுவும் இல்லை, நின்றுகொண்டு வருகிற மனிதர் வேறு என்னதான் செய்வார்? இரவு 11 மணிக்குப் படுத்துக்கொண்டு, "ஒரே ஒரு காணொளி" என்று தொடங்குவது வேறு ரகம். மனதைக் குடைவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். மறுநாள் எழும்போதே நாம் பின்தங்கிவிட்டோம் என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாம் படி: வருகிற குழாயைச் சுருக்குங்கள்

இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். எல்லாப் படிகளிலும் அதிகப் பலன் தருவது இதுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். திரை முடிவில்லாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பு 2006இல் வடிவமைக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஏசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். முன்பெல்லாம் ஒரு பக்கம் முடியும், அடுத்த பக்கம் என்று அழுத்த வேண்டும், அந்த ஒரு நொடியில் "சரி, போதும்" என்று தோன்றும். அந்த நொடியைத்தான் எடுத்துவிட்டார்கள். ஆகவே நிறுத்த முடியவில்லையே என்று உங்கள் மன உறுதியைத் திட்டிக்கொண்டிருக்காதீர்கள். அமைப்பை மாற்றுங்கள்.

யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்தி, பழைய வரலாற்றையும் அழித்துவிடுங்கள். 2023 முதல், வரலாறு இல்லாத கணக்கின் முகப்பில் பரிந்துரைகள் வருவதில்லை. தேடும் பெட்டி மட்டும்தான் நிற்கும். வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம், பார்த்துவிட்டு வெளியே வரலாம். முதல் இரண்டு நாள் வெறிச்சென்று இருக்கும். பழகிவிடும்.

இன்ஸ்டாகிராமில் நீங்கள் பின்தொடராதவர்களின் பதிவுகளை 30 நாளுக்கு நிறுத்திவைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. 30 நாள் முடிந்ததும் அது தானாகத் திரும்பி வந்துவிடும். அதனால் நாட்காட்டியில் குறித்துவைத்து மறுபடியும் போட வேண்டும். பரிந்துரைகளை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் வழி உண்டு. டிக்டாக்கிலும் அப்படித் துடைக்கலாம். ஆனால் அங்கே சில நாளிலேயே பழைய நிலை திரும்பிவிடும். நான் பரிந்துரைப்பது, கணக்கை வைத்துக்கொண்டு செயலியைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிடுவது. போட வேண்டியிருந்தால் கணினியில் போடலாம்.

அறிவிப்புகளில் ஒரே விதி: மனிதர் உங்களுக்கென்று அனுப்பியது ஒலிக்கட்டும், செயலி தானாக அனுப்புவது ஒலிக்க வேண்டாம். "உங்கள் நண்பர் நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு காணொளி போட்டிருக்கிறார்" என்று ஒலிப்பது உங்கள் நண்பர் இல்லை.

வாட்ஸ்அப் கதை தனி. நம் வீடுகளில் தலைவலியே அதுதான். குடும்பக் குழு, அம்மா வழிக் குழு, அப்பா வழிக் குழு, கோயில் குழு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழு, தாமான் (குடியிருப்பு) குழு, பிள்ளையின் வகுப்புக் குழு. காலை வணக்கப் படங்களே கைப்பேசியின் நினைவகத்தை நிரப்பிவிடும். இதில் பிள்ளையின் வகுப்புக் குழுவும் தாமான் பாதுகாப்புக் குழுவும் ஒலிக்கட்டும். மற்றவற்றை நிரந்தரமாக ஒலியடக்கி, காப்பகத்துக்குள் தள்ளிவிடுங்கள். 2021க்குப் பிறகு, புதுச் செய்தி வந்தாலும் காப்பகத்தில் போட்ட குழு வெளியே எட்டிப் பார்க்காது. படங்கள் தானாகப் பதிவிறங்குவதையும் நிறுத்துங்கள்.

விலகிவிடலாமா என்று கேட்பார்கள். 2022 முதல் ஒருவர் குழுவை விட்டு விலகினால் நிர்வாகிகளுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும். பழைய உறுப்பினர் பட்டியலில் 60 நாள் வரை உங்கள் பெயர் நிற்கும் என்பது வேறு விஷயம். அத்தை நிர்வாகியாக இருக்கும் குடும்பக் குழுவில் இந்த வசதியால் எந்தப் பயனும் இல்லை. பத்தே நிமிடத்தில் தொலைபேசி அழைப்பு வரும், அம்மாவுக்கும் தகவல் போய்விடும். அங்கே விலகாதீர்கள். ஒலியடக்கிவிட்டு, ஞாயிறு காலை ஒருமுறை உள்ளே போய்ப் பிறந்தநாள் வாழ்த்துகளைச் சொல்லிவிட்டு வாருங்கள். உறவும் கெடாது, மண்டையும் காயாது.

மூன்றாம் படி: பார்ப்பதையும் செய்வதையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள்

ஒரு காணொளி எடுக்க உட்காருகிறீர்கள். மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று திறக்கிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மூடும்போது எடுக்கும் ஆசையே போய்விட்டிருக்கும். சென்னையில் ஒருவர் நான்கு பேர் கொண்ட குழுவோடு எடுத்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுச் சமையலறையில் நாம் தனியாக எடுத்ததைப் பார்த்தால் வேறு எப்படி இருக்கும்?

சொல்ல வேண்டியதை முதலில் தாளிலோ குறிப்புச் செயலியிலோ எழுதுங்கள். எடுத்து முடிக்கும்வரை அடுத்தவர் காணொளி வேண்டாம். போடும்போது யூடியூப் ஸ்டூடியோ, மெட்டா பிசினஸ் சூட், டிக்டாக் ஸ்டூடியோ ஆகியவற்றைக் கணினி வழியாகப் பயன்படுத்துங்கள். மூன்றிலுமே நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே ஏற்றிவைக்கலாம். ஞாயிறு மாலை உட்கார்ந்து அந்த வாரத்துக்கானதை ஏற்றிவிட்டால், வாரம் முழுக்க அந்த ஓடும் திரைக்குள் கால்வைக்காமலே உங்கள் வேலை நடக்கும்.

நான்காம் படி: உங்களுக்கு இது தேவையா?

இரண்டாம் படியைச் செய்து ஓரிரு வாரம் ஆன பிறகு இந்தக் கேள்விக்கு வாருங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு கணக்கை எழுதினார். இணையச் சமூகங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பார்ப்பதோடு சரி, 9 விழுக்காட்டினர் எப்போதாவது ஏதாவது சேர்ப்பார்கள், மீதி 1 விழுக்காட்டினர்தான் பெரும்பகுதியைப் படைக்கிறார்கள் என்றார். தோராயமான விதிதான், இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் எல்லாரும் போடுகிறார்கள், நான் மட்டும்தான் போடவில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. போடாதவர்கள் உங்கள் திரையில் தெரியமாட்டார்கள், அவ்வளவுதான். எல்ஆர்டியில் உங்களோடு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் எதையும் போடுவதில்லை.

அப்புறம் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்.

வருமானம்தான் காரணம் என்றால் கணக்கு இப்படி. யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும்; அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடிப் பார்வையோ வேண்டும். மலேசிய இந்தியர்கள் மொத்தமே சுமார் 20 லட்சம் பேர். அதில் குழந்தைகள், தமிழ்க் காணொளி பார்க்காதவர்கள், தமிழ் பேசாதவர்கள் என்று கழித்தால் உள்ளூர்த் தமிழ்ப் பார்வையாளரை மட்டும் நம்பி விளம்பரப் பணத்தில் குடும்பம் நடத்துவது கஷ்டம். நம்மூரில் இதில் சம்பாதிப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள்: நிகழ்ச்சி அறிவிப்பு, கடைகளுக்கான விளம்பரம், சொந்தப் பொருள் விற்பனை என்று பணம் வேறு வாசல் வழியாகத்தான் வருகிறது. அப்படி ஏதாவது வந்தால், கையில் காசாக வந்தாலும் இலவசப் பொருளாக வந்தாலும் வருமான வரிக்குக் கணக்கில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். இரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

ஏற்கெனவே தொழில் செய்கிறீர்கள், அதற்காகத்தான் என்றால், காணொளிதான் ஒரே வழி என்று யார் சொன்னது? தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் விற்கும் வீட்டுக்கு, வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு ஒரு பொருள் பட்டியல், ஸ்டேட்டஸில் அன்றன்றைய படம், பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி, இவ்வளவு போதும். உங்கள் அடுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சுட முடியும்? அதைத் தாண்டி ஆர்டர் வந்தால் என்ன செய்வீர்கள்? 50,000 பேர் பார்த்து, அதில் முக்கால்வாசிப் பேர் ஜொகூரிலும் மதுரையிலும் இருந்தால் உங்கள் முறுக்குக்கு என்ன லாபம்? சிகை அலங்காரம், தையல், கார் பழுது பார்ப்பது போன்ற தொழிலுக்குக் கூகுள் வரைபடத்தில் சரியான முகவரியும் நேரமும் நான்கு நல்ல படங்களும் இருப்பது, வாரம் ஐந்து காணொளியைவிட உருப்படியானது என்பேன்.

பேச ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்ல ஆசை என்றால், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சென்னைக்காரர்கள் செய்வதையே இங்கிருந்து செய்யாதீர்கள். அவர்களிடம் அது ஏராளமாக இருக்கிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து பத்து மலைக்குக் கொமுட்டர் ரயிலில் எப்படிப் போவது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பதிவது எப்படி, பாட்டி காலத்துத் தோட்டப்புறச் சமையல், இதையெல்லாம் நம்மைவிட்டால் யார் சொல்வார்கள்? பேச்சிலும் நம் ஊர்ப் பேச்சே இருக்கட்டும்.

வேறு எதுவும் இல்லை, விடுபட்டுவிடுவோமோ என்ற பயம் மட்டும்தான் என்றால், இங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்த இரண்டு படிகள் உங்களுக்கு இல்லை.

ஐந்தாம் படி: உங்கள் வேலைக்கு ஏற்ற வேகம்

ஒரே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்றில் போட்டால் மூன்று மடங்கு வேலை. மூன்று மடங்கு பலன் வராது.

மாதத்தில் ஒரு நாளை எடுப்பதற்கு வைத்துக்கொண்டு, அன்றைக்கே நான்கைந்து சின்னக் காணொளிகளை எடுத்துவிடுங்கள். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நம் ஆண்டுக்கு ஒரு தாளம் இருக்கிறது: பொங்கல், தைப்பூசம், சித்திரைப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை, தீபாவளி, கல்யாண மாதங்கள். எதில் உங்களுக்குச் சொல்ல இருக்கிறதோ அதற்கு மூன்று வாரம் முன்பே தயார் செய்யுங்கள். மீதி நாளில் அமைதியாக இருங்கள். இடைவெளி விட்டு வந்ததும் "மன்னிக்கணும், ரொம்ப நாளா போடல" என்று தொடங்க வேண்டாம். போடாததை அனேகமாக யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அது கொஞ்சம் வருத்தமான செய்திதான், ஆனால் எவ்வளவு பெரிய விடுதலை.

தைப்பூசத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த வாரத்தில்தான் இந்த அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதிலிருந்து பத்து மலையின் 272 படிகள் வரை எல்லாமே திரையில் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்: சாமி கும்பிடப் போகிறீர்களா, படம் எடுக்கப் போகிறீர்களா? இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் இரண்டும் அரைகுறையாகும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் கூட்டம் குறைவான முந்தைய வாரத்தில் ஒரு காலைப் பொழுதில் போய் எடுத்துவிட்டு, தைப்பூசத்தன்று வெறுங்கையோடு போங்கள். அருள் வந்து நிற்பவர் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டாதீர்கள். காவடி எடுப்பவரையும் பால்குடம் ஏந்திய பிள்ளைகளையும் அவர்களோடு வந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போடுவது எனக்கு ஒப்பாத செயல்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கும் இதே யோசனைதான். வந்தவர்கள் சாப்பிட வந்திருக்கிறார்கள்.

ஆறாம் படி: எண்களும் பின்னூட்டங்களும்

பார்வை எண்ணிக்கையை வாரம் ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் பாருங்கள். முதல் சில மாதங்களில் அந்த எண் உங்களுக்கு எதையும் கற்றுத்தராது, மேலே போய்க் கீழே வரும், அவ்வளவுதான். யாராவது எழுதிக் கேட்ட ஒரு கேள்வி அதைவிட உதவும். அடுத்த காணொளிக்கான விஷயம் அதில் இருக்கும்.

பின்னூட்டங்களில் கெட்ட சொற்களை வடிகட்டும் வசதி எல்லாத் தளத்திலும் இருக்கிறது. தமிழ்க் கெட்ட வார்த்தைகளைத் தானாகப் பிடிக்கும் என்று நம்பவேண்டாம். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் நீங்களே பட்டியல் போட்டுவிடுங்கள். கூச்சமாக இருக்கும், ஒருமுறைதான்.

பார்வை குறையும்போது ஒரு குறுக்கு வழி கண்ணில் படும். ஊரே பேசும் சண்டையில் நாமும் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் என்ன? மலேசியாவில் இதற்கு விலை அதிகம். இனம், மதம், அரசர் என்ற மூன்றைத் தொட்டால் காவல்துறை விசாரணைவரை போகும். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் அபராத உச்சவரம்பு முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்தது. 2025 திருத்தத்தில் 5 லட்சம் ரிங்கிட்டாகிவிட்டது. கோபத்தோடு எடுத்த எதையும் அன்றே போடாதீர்கள். தூங்கி எழுந்து, இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அழிக்கத்தான் தோன்றும்.

சோர்வு வேறு, நோய் வேறு

மேலே சொன்னது எல்லாம் சோர்வுக்கு. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போகவே பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் செயலியின் அமைப்பை மாற்றிப் பயனில்லை. பக்கத்து அரசாங்கக் கிளினிக்குப் போங்கள், குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசிச் சேவை எண் 15555. மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் 03-7627 2929, இது 24 மணி நேரமும் உண்டு. "இதுக்கெல்லாமா டாக்டரைப் பார்ப்பாங்க" என்று வீட்டில் யாராவது சொன்னால், சொல்லட்டும்.

கடைசிப் படி: நிறுத்துவதென்றால்

மூன்று நான்கு மாதம் செய்துபார்த்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கோபத்தில் கணக்கை அழிக்காதீர்கள். யூடியூபில் போட்டதையெல்லாம் கூகுள் டேக்அவுட் வழியாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம், இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் உங்கள் தரவைக் கேட்டால் தொகுத்துத் தரும். எல்லாம் வன்தட்டில் வந்து சேர்ந்த பிறகு, காணொளிகளைத் தனிப்பட்டவையாக மாற்றுங்கள். தொழில் கணக்கு என்றால் பெயரையும் தொடர்பு எண்ணையும் விட்டுவையுங்கள். வாடிக்கையாளர் தேடி வரலாம். விளம்பரத்துக்காக யாரிடமாவது ஒப்புக்கொண்டது பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு மூடுங்கள்.

அம்மாவுக்குப் பிடித்த காணொளி ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும். அவற்றை முன்கூட்டியே அவர் கைப்பேசியில் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "அதக் காணோமே, எங்க போச்சு?" என்று முதல் அழைப்பு அவரிடமிருந்துதான் வரும்.